தலை எங்கே, கடி அங்கே: எவ்வளவு உண்மை, எவ்வளவு உடான்ஸ்?

வலக்கடைவாய் | பிப்ரவரி 4, இரவு 10:12

எந்தக் காணொளியைத் திறந்தாலும் ஒரே பல்லவி: "கழுத்து முன்னால் தள்ளினால் தாடை பின்னால் போகும், தாடை வலிக்கு அதுதான் காரணம், கழுத்தை நிமிர்த்து, நைட் கார்டைத் தூக்கிப் போடு." (நைட் கார்டு: தூங்கும்போது பல்லின் மேல் மாட்டும் உறை.) தலையை அசைத்தால் கடி, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் விதம், மாறுவது நிஜம்தான். உட்கார்ந்தபடியே பல்லைத் தட்டிப் பார்த்தால் தெரிகிறது. ஆனால் கடி மாறுகிறது என்பதிலிருந்து வலி வருகிறது என்பதற்கு ஒரே தாவலில் எப்படிப் போகிறார்கள்? விஷயம் தெரிந்தவர்கள் பிரித்துச் சொல்லுங்கள். "நிமிர்ந்து உட்கார்" என்ற அறிவுரை மட்டும் வேண்டாம், அது வீட்டிலேயே தாராளமாகக் கிடைக்கிறது.

இயன்முறை_மேசை | பிப்ரவரி 4, இரவு 10:50

கீழ்த்தாடையை மண்டையோட்டில் தொங்கும் ஊஞ்சலாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலே இழுக்கும் கயிறுகள்: கன்னத்தில் மாசெட்டர், நெற்றிப்பொட்டில் டெம்போராலிஸ், தாடையின் உள்பக்கம் மீடியல் டெரிகாய்டு. கீழே இழுக்கும் கயிறு இரண்டு துண்டு. தாடையிலிருந்து நாவடி எலும்புக்கு ஒரு தொகுதி (டைகாஸ்ட்ரிக், மைலோஹையாய்டு, ஜீனியோஹையாய்டு). நாவடி எலும்பிலிருந்து மார்பெலும்புக்கும் தோள்பட்டைக்கும் இன்னொரு தொகுதி. நடுவில் இருக்கும் நாவடி எலும்பு வேறெந்த எலும்போடும் மூட்டுச் சேராதது, தசையிலும் நாரிலும் மிதப்பது. அதனால் நெஞ்சுக்கும் மோவாய்க்கும் நடுவே தூரம் கூடினால் கீழ்க்கயிறு மொத்தமும் இறுகித் தாடையைக் கீழும் பின்னும் இழுக்கும். வாய் திறந்துகொள்ளாமலிருக்க மேல்க்கயிறு கொஞ்சம் வேலை செய்தாக வேண்டும்.

"கழுத்து முன்னால் தள்ளுது" என்று ஒரே சொல்லில் சொல்லும்போது தொலைந்துபோவது ஒன்று உண்டு. அங்கே இரண்டு இடத்தில் வளைவு நடக்கிறது. கீழ்க்கழுத்து முன்னால் சாய்கிறது. கண் தரையைப் பார்க்கக் கூடாதே, அதனால் மேல்க்கழுத்து, அதாவது மண்டையும் முதல் இரண்டு கழுத்தெலும்புகளும் சேரும் இடம், பின்னால் மடிகிறது. தாடையைப் பொறுத்தவரை அந்த இரண்டாவது மடிப்புதான் வில்லன். வெறுமனே குனிந்து புத்தகம் படிப்பவருக்கும், திரையை நோக்கி மூக்கை நீட்டி உட்கார்ந்திருப்பவருக்கும் வெளியிலிருந்து பார்த்தால் "கழுத்து முன்னால்". தாடைக்கு அவை எதிரெதிர் நிலைகள்.

பல்நாற்காலி | பிப்ரவரி 5, காலை 7:20

தட்டிப் பார்க்கும் சோதனையை முறையாகச் செய்தால்தான் பேச்சுக்குப் பொருள் இருக்கும். முதுகுக்குச் சாய்மானம் இல்லாத இருக்கை, பாதம் தரையில், கண் நேர் எதிரே. நாக்கைத் தளர விட்டு, பல்லும் பல்லும் உரசி ஒலிக்கும் அளவுக்கு மட்டும், ஐந்தாறு முறை தட்டுங்கள். முதலில் எது தொடுகிறது என்று கவனியுங்கள். பிறகு மெதுவாக அண்ணாந்து, கூரையைப் பார்த்தபடி அதேபோலத் தட்டுங்கள். பிறகு மோவாயை நெஞ்சை நோக்கி இறக்கித் தட்டுங்கள். அண்ணாந்தால் பெரும்பாலும் கடைவாய்ப்பற்கள் முந்தும். குனிந்தால் தொடுகை முன்பற்களை நோக்கி நகரும்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு: அழுத்திக் கடிப்பது. கடித்துவிட்டால் கடைவாய்ப்பல்லின் மேடும் பள்ளமும் தாடையைப் பழைய இடத்துக்கே வழுக்கிக் கொண்டுபோய்விடும், தலை எங்கே இருந்தாலும். தலைநிலை மாற்றுவது முதல் தொடுகையை. முழுக்கடி பல்லின் ராஜ்யம்.

வலக்கடைவாய் | பிப்ரவரி 5, காலை 8:02

செய்தாயிற்று. அண்ணாந்தபோது வலது கடைசிப் பல் மட்டும் "டிக்". குனிந்தபோது முன்பல். இதைத்தான் தட்டுவது என்று நினைத்துக்கொண்டு இத்தனை நாள் கடித்துக்கொண்டிருந்தேன் போல. போகிற போக்கில் இன்னொன்று: நன்றாக அண்ணாந்துகொண்டு எச்சில் விழுங்கிப் பாருங்கள், தொண்டைக்குள் யாரோ கயிற்றைப் பிடித்திருக்கிற மாதிரி இருக்கிறது.

இயன்முறை_மேசை | பிப்ரவரி 5, காலை 8:15

அதே கயிறுதான். விழுங்கும்போது நாவடி எலும்பு மேலும் முன்னும் போக வேண்டும். அண்ணாந்தால் கீழ்த்தொகுதி இறுகி அதைப் பிடித்துக்கொள்கிறது.

பல்நாற்காலி | பிப்ரவரி 5, மதியம் 1:40

இதில் பல் மருத்துவர்கள் கவனிக்க வேண்டியது வலியைவிட அடிப்படையான ஒன்று. நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்து அடைப்போ கேப்போ போடுகிறோம். அதே நிலையில், பல் தொடும் இடத்தில் நிறம் பதிக்கும் தாளைக் கொடுத்துக் "கடிங்க" என்கிறோம். படுத்த நிலையில், அதுவும் தலைமெத்தை தாழ்ந்து தலை பின்னால் சரிந்திருந்தால், தாடை பின்னுக்குப் போய்த்தான் மூடும். அந்த நிலைக்கு இழைத்துவிட்டு அனுப்பினால், ஆள் எழுந்து உட்கார்ந்து சாப்பிடும்போது கடி வேறு.

சரியான வரிசை இது. படுத்த நிலையில் ஒரு நிறம், உதாரணமாக நீலம், 40 மைக்ரான் தாள், தட்டச் சொல்லுங்கள். உபரி உயரம் வெளிப்படையாகத் தெரிந்தால் அதை மட்டும் எடுங்கள். நாற்காலியை முழுதாக நிமிர்த்துங்கள். நாற்காலி நிமிர்ந்தாலும் தலைமெத்தை தலையை முன்னால் தள்ளிக்கொண்டிருக்கும், எனவே முதுகை விலக்கி உட்காரச் சொல்லுங்கள். ஒரு வாய் தண்ணீர் விழுங்கச் சொல்லுங்கள். இப்போது சிவப்பு. சிவப்பும் நீலமும் விலகும் இடத்தில் சிவப்பை நம்புங்கள். கடைசியாகத் தலையை ஏறக்குறைய 30 பாகை முன்னால் சாய்த்து, தட்டிலிருக்கும் உணவைப் பார்க்கிற மாதிரி, மீண்டும் தட்டச் சொல்லி மேல் முன்பற்களின் வெளிப்புறத்தில் விரல் நுனியை வையுங்கள். பல் விரலுக்கு அதிர்ந்தால் அந்தப் பல் முட்டுகிறது.

முன்பல்லுக்குக் கேப் போட்டு ஒரு வாரத்தில் "கடிச்சா ஒண்ணும் இல்ல, சாப்பிட்டா மட்டும் இடிக்குது" என்று திரும்பி வருபவரிடம் பல நேரம் குறை இந்த 30 பாகைதான். படுக்க வைத்து எத்தனை தாள் வைத்தாலும் அது தெரியாது.

பல்நாற்காலி | பிப்ரவரி 5, மதியம் 1:52

விட்டுப்போனது: கீழ்த்தாடை மரத்திருக்கும்போது எடுக்கும் எந்தக் கடி அடையாளத்தையும் பாதிதான் நம்பலாம். உதடு மரத்தவர் தட்டச் சொன்னால் எங்கேயாவது ஓரிடத்தில் கடிப்பார். மரப்பு போன பிறகு ஒருமுறை வரச் சொல்வது அரைமணி நேரத் தாளாட்டத்தைவிட மேல்.

ஏழாம்முள் | பிப்ரவரி 5, இரவு 9:31

எல்லாம் சரி சார், ஆனா உங்க ஊஞ்சல் கதைப்படி பார்த்தா, தலை முன்னால் தள்ளினா கீழ்க்கயிறு இறுகும், தாடை பின்னால் போகும், தாடை மூட்டு நெருக்கப்படும், அப்போ வாய் கம்மியாத்தானே திறக்கணும்? நடக்குறது நேர்மாறு. 1999ல் வந்த ஓர் அளவீடு, 40 ஆரோக்கியமான ஆட்கள், மூணு தலைநிலையில் அதிகபட்ச வாய்த்திறப்பு எடுத்தாங்க. தலை முன்னால் தள்ளிய நிலையில் சராசரி 44.5 மி.மீ., இயல்பு நிலையில் 41.5, மோவாயைப் பின்னால் இழுத்த நிலையில் 36.2. முன்னால் தள்ளினாத்தான் வாய் அதிகமாத் திறக்குது. இதுக்கு என்ன சொல்றீங்க?

இயன்முறை_மேசை | பிப்ரவரி 5, இரவு 10:20

முள் குத்தத்தான் செய்கிறது. நான் மேலே எழுதியது மூடும் நிலைக்கான கணக்கு. திறப்பு தனிக்கதை.

வாய் திறக்கும்போது தாடையின் கோணமும் மோவாயும் கீழும் பின்னும் சுழல்கின்றன. அவை போய் இடிக்கும் இடம் கழுத்தின் முன்பகுதி: தசை, சுரப்பி, தொண்டை. மோவாயைப் பின்னால் இழுத்தால் அந்த இடம் சுருங்கிவிடுகிறது, தாடைக்குப் போக இடமில்லை. தலை முன்னால் போனாலோ அண்ணாந்தாலோ இடம் திறக்கிறது. மயக்க மருந்து கொடுப்பவர்கள் வாயைத் திறக்கும் முன் தலையைப் பின்னால் சாய்ப்பதில் பாதி லாபம் இதுதான்.

ஆகவே திருத்தம்: தலை முன்னால் இருந்தால் வாய் குறைவாகத் திறக்கும் என்று சொல்பவர் காகிதத்தில் கணக்குப் போட்டிருக்கிறார், ஸ்கேலை வைத்துப் பார்க்கவில்லை. இன்னொரு நடைமுறை விளைவும் உண்டு. நிமிர்த்தும் பயிற்சி கொடுத்துவிட்டு அடுத்த வாரம் நிமிர்ந்த நிலையில் அளந்தால் "திறப்பு குறைந்துவிட்டதே" என்று பதற வேண்டிவரும். மூட்டு மோசமாகவில்லை, அளந்த நிலை மாறிவிட்டது.

பல்நாற்காலி | பிப்ரவரி 6, காலை 6:55

அளப்பதைப் பற்றி. எஃகு ஸ்கேல், மேல் நடு வெட்டுப்பல்லின் நுனியிலிருந்து கீழ் வெட்டுப்பல்லின் நுனி வரை. இதோடு மேல்பல் கீழ்ப்பல்லை மூடியிருக்கும் ஆழத்தைக் கூட்ட வேண்டும். 3 மி.மீ. மூடல் உள்ளவருக்கு ஸ்கேலில் 39 என்றால் உண்மைத் திறப்பு 42. மூன்று அளவு எடுங்கள்: வலிக்காமல் திறக்க முடிந்தது, வலித்தாலும் தானாகத் திறந்தது, விரலால் மென்மையாக உதவித் திறந்தது. கடைசி இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமென்றால் தடை தசையில். விரல் உதவியும் இரும்புக் கதவில் முட்டியது போல் நின்றால் மூட்டைச் சந்தேகியுங்கள். பெரியவர்களுக்கு 40 முதல் 50 வரை சாதாரணம். பக்கவாட்டில் 8 முதல் 10, முன்னால் தள்ளும்போது 6 முதல் 9.

வாய்த்திறப்பில் முதல் 20, 25 மி.மீ. பெரும்பாலும் சுழற்சி. அதற்கு மேல் மூட்டுக்குண்டு (தாடை எலும்பின் உருண்ட மேல்முனை) முன்னால் வழுக்கி இறங்கினால்தான் திறக்கும். பல் மருத்துவ ஆய்வாளர் போசெல்ட் 1952ல் வரைந்த அந்த வாழையிலை போன்ற தாடை அசைவெல்லைப் படம் இன்றும் பாடப்புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. அது தலை அசையாமல் இருக்கிறது என்ற கணக்கில் வரைந்தது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

ஏழாம்முள் | பிப்ரவரி 6, காலை 7:30

அங்கதான் நான் வர நினைச்சேன். வாய் திறக்குறப்போ தலை சும்மா இருக்குறதே இல்லை. ஸ்வீடன்ல உமேயோ பல்கலைக்கழகத்துக்காரங்க 1990களோட கடைசியில தலைக்கும் தாடைக்கும் தனித்தனியா அசைவைப் பதிவு பண்ணினாங்க. வாய் திறக்கும்போது தலை பின்னால் சாயுது, மூடும்போது திரும்ப வருது. பல நேரம் தலை தாடையோடயே கிளம்புது, சில நேரம் அதுக்கு முன்னாடியே கிளம்பிடுது. அதாவது மூளை "வாயைத் திற"ன்னு கட்டளை கொடுக்கும்போதே கழுத்துக்கும் பங்கு பிரிச்சுக் கொடுத்துடுது.

வீட்டுச் சோதனை: சுவரோட பின்மண்டையை ஒட்டி நின்னு, மண்டை சுவரை விட்டு விலகாம, மோவாய் மேலே போகாம, வாயை முழுசாத் திறங்க. அப்புறம் ஓரடி முன்னால் வந்து சுதந்திரமாத் திறங்க. இதுல வித்தியாசம் தெரியலைன்னா கண்ணாடி முன்னால் கொட்டாவி விடுங்க. தலை ஆடாமக் கொட்டாவி விட்ட மனுஷனை நான் இன்னும் பார்க்கலை.

வலக்கடைவாய் | பிப்ரவரி 6, காலை 7:41

கொட்டாவி என்று எழுதியதைப் படித்தே மூன்று விட்டாயிற்று. தலை ஆடியது உண்மை.

இயன்முறை_மேசை | பிப்ரவரி 6, காலை 9:05

ஏழாம்முள் சொன்னதன் அடுத்த படி: கழுத்து இறுகிப்போனவர், காலர் போட்டவர், வாகன மோதலில் கழுத்து திடீரென முன்னும் பின்னும் உலுக்கப்பட்டவர், இவர்களுக்கு மெல்லுவதே சோர்வான வேலையாகிறது. மூட்டில் ஒன்றும் இருக்காது. தாடையின் பங்காளி படுத்துவிட்டான், அவ்வளவுதான். "மென்றால் களைக்கிறது" என்று வருபவரிடம் கழுத்தைத் திருப்பச் சொல்லிப் பார்க்காமல் வாயை மட்டும் பார்ப்பது பாதிப் பரிசோதனை.

வலக்கடைவாய் | பிப்ரவரி 6, இரவு 8:18

சரி, முதல் கேள்விக்கு வருவோம். வலி? தலை ஒவ்வோர் அங்குலம் முன்னால் போகப் போகக் கழுத்தில் எடை ஏறும், குனிந்து போன் பார்த்தால் 27 கிலோ தொங்கும் என்கிறார்களே. அந்த 27 கிலோதான் தாடையையும் இழுக்கிறதா?

ஏழாம்முள் | பிப்ரவரி 6, இரவு 8:40

அந்த 27 கிலோ 2014ல் வந்த ஒரு கட்டுரையோட கணக்கு. கணினி மாதிரியில தலையை 60 பாகை சாய்ச்சு, கழுத்தெலும்பு மேல வர்ற விசையைக் கணக்குப் போட்டாங்க, 60 பவுண்டுன்னு வந்தது. யார் கழுத்திலயும் தராசு கட்டி எடுத்த அளவு இல்லை. தலை எப்பவும் நாலரை, அஞ்சரை கிலோதான், குனிஞ்சா எடை ஏறாது. நெம்புகோல் நீளமாகுறதால பின்கழுத்துத் தசை அதிகமாப் பிடிக்கணும். அது பின்கழுத்துக் கணக்கு. தாடைக்கும் அந்த எண்ணுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. இன்னொண்ணு, 60 பாகை குனியுறது மேல்க்கழுத்து முன்னால் மடியுற நிலை. மேசைக்காரர் மேல சொன்ன வில்லன் அங்க இல்லவே இல்லை.

பல்நாற்காலி | பிப்ரவரி 6, இரவு 9:26

வலிக்கும் தலைநிலைக்கும் தொடர்பு பற்றி அடித்துச் சொல்பவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். தாடை வலிக்காரர்களையும் வலி இல்லாதவர்களையும் பக்கவாட்டில் படமெடுத்துக் கோணம் அளந்து ஒப்பிட்ட ஆய்வுகள் ஏராளம். காதுமடலின் முன்மேட்டிலிருந்து ஏழாவது கழுத்தெலும்பின் முள்ளுக்கு ஒரு கோடு, அந்த முள்ளிலிருந்து கிடைமட்டக் கோடு, நடுவில் உள்ள கோணம். 50 பாகைக்கு அருகில் இருந்தால் சாதாரணம், குறையக் குறையத் தலை முன்னால். வித்தியாசம் கிடைத்த ஆய்வுகளிலும் அது ஒருசில பாகைதான். ஒரே ஆளை இரண்டு முறை நிற்கவைத்து எடுத்தாலே ஒருசில பாகை ஆடும். அதை வைத்து ஒருவருக்கு "உங்கள் வலி கழுத்தால்தான்" என்று சீட்டு எழுத முடியாது.

உறுதியாக இருப்பது நரம்புப் பாதை. முகத்திலிருந்து வரும் முப்பெரு நரம்பின் வலியிழைகளும், மேல் மூன்று கழுத்து நரம்புகளின் இழைகளும் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில் ஒரே உட்கருவில் (நரம்பணுக் கூட்டத்தில்) வந்து சேர்கின்றன. மூளைக்கு எது முகம், எது கழுத்து என்று குழம்பும். தோள்மேல் இருக்கும் ட்ரபீசியஸ் தசையை அழுத்தினால் தாடைக்கோணத்திலும் நெற்றிப்பொட்டிலும் வலிக்கும். கழுத்தின் பக்கத் தசை காதுக்குள்ளும் கண்ணைச் சுற்றியும் வலியை அனுப்பும். மாசெட்டர் தன் பங்குக்குக் கடைவாய்ப்பல் வலியாக வேஷம் போடும். நல்ல பல்லைக் குடைந்த கதைகள் அங்கேதான் பிறக்கின்றன.

இயன்முறை_மேசை | பிப்ரவரி 6, இரவு 10:02

ஆகவே எது எங்கிருந்து என்று பிரிக்க அழுத்திப் பார்ப்பதுதான் வழி, ஆனால் கண்டபடி அழுத்தக் கூடாது. மாசெட்டருக்கும் டெம்போராலிஸுக்கும் 1 கிலோ அழுத்தம், 2 விநாடி. பரவுகிறதா என்று பார்க்க வேண்டுமானால் 5 விநாடி. மூட்டின் வெளிமுனைக்கு அரை கிலோ போதும். விரலுக்கு 1 கிலோ என்றால் எவ்வளவு என்று தெரியாவிட்டால் எண் காட்டும் எடைத்தராசில் விரல் நுனியை அழுத்திப் பழகுங்கள். முதல்முறை எல்லோருக்கும் இரண்டரை, மூன்று கிலோ வரும். அந்த அளவுக்கு அழுத்தினால் எந்த ஆரோக்கியமான கன்னமும் வலிக்கும்.

"வலிக்கிறதா?" என்ற கேள்வி பயனற்றது. "உங்களுக்கு வழக்கமாக வருகிற அதே வலியா?" என்று கேட்க வேண்டும். கன்னத்தை அழுத்தி அதே வலி வந்தால் தாடைத் தசை. தோளை அழுத்தி அதே தாடை வலி வந்தால் கழுத்தும் தோளும். இரண்டிலும் வந்தால் இரண்டும், பெரும்பாலோர் அந்த மூன்றாவது வகை.

வலக்கடைவாய் | பிப்ரவரி 7, காலை 6:48

தராசில் 2.8 கிலோ. இத்தனை நாள் கன்னத்தை அடித்துத் துவைத்திருக்கிறேன். சரி, செய்ய வேண்டியது என்ன?

இயன்முறை_மேசை | பிப்ரவரி 7, இரவு 9:15

சிலி நாட்டு இயன்முறை வல்லுநர் மரியானோ ரோகாபாடோவின் ஆறுக்கு ஆறு தொகுப்பு பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது: ஆறு பயிற்சி, ஒவ்வொன்றும் ஆறு முறை, நாளுக்கு ஆறு வேளை. ஒரு வேளைக்குச் சில நிமிடம்தான். ஒன்று, நாக்கை அண்ணத்தில் ஒட்டி மூக்கால் வயிறு அசைய மூச்சு. இரண்டு, நாக்கை அங்கேயே வைத்தபடி வாய் திறந்து மூடுவது. நாக்கு அண்ணத்தை விடாதவரை மூட்டு சுழல மட்டும் செய்யும், வழுக்காது. மூன்று, மோவாயில் இரு ஆள்காட்டி விரல் வைத்து, தாடை அசையாமல், திறப்பு, மூடல், இடம், வலம் என மெல்லிய எதிர்ப்பு. நான்கு, பிடரியில் கைகோத்துத் தாங்கிக்கொண்டு "ஆமாம்" என்று சின்னத் தலையாட்டு. ஐந்து, மோவாயைத் தரைக்கு இணையாகப் பின்னால் நகர்த்துவது. ஆறு, தோள்பட்டைகளைப் பின்னும் கீழும் இறக்குவது.

கெட்டுப்போவது எங்கே என்று சொல்கிறேன். மூன்றாவதில் விரலை எதிர்த்துப் போர் புரிவார்கள். கடிதத்துக்குத் தபால்தலை ஒட்டும் அழுத்தம் போதும். நான்காவதில் மேல்க்கழுத்து மடியாமல் மொத்தக் கழுத்தும் குனியும். காதுக்கு நடுவே ஒரு ஊசி குத்தியிருப்பதாகவும் அதைச் சுற்றித் தலை உருளுவதாகவும் நினைத்தால் சரியாக வரும். ஐந்தாவதில் பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பார்கள். ஐந்தாவதுதான் அதிகம் கெடுக்கிறது: வலிமை குறைந்த கழுத்து முன்தசைக்குப் பிடிமானம் வேண்டும், தாடையைப் பூட்டி அதைப் பெறுகிறார்கள். கழுத்துக்குப் பயிற்சி, கன்னத்துக்குத் தண்டனை. பற்களுக்கு நடுவே 2, 3 மி.மீ. இடைவெளி விட்டுச் செய்ய முடியாவிட்டால் அசைவைப் பாதியாகக் குறையுங்கள்.

ஏழாம்முள் | பிப்ரவரி 7, இரவு 9:44

நாக்கு வைக்குற இடத்துக்கு வெளிநாட்டுக்காரங்க அவங்க எழுத்து ஒண்ணைச் சொல்லிக் கொடுப்பாங்க. நமக்கு அது மூணாப் பிரிஞ்சு கிடக்குது, அதான் குழப்பம். "ந்" சொன்னா நாக்கு பல்லைத் தள்ளும், தப்பு. "ண்" சொன்னா நாக்கு மடிஞ்சு பின்னால் போகும், அதுவும் தப்பு. "ன்" சொல்லிட்டு நாக்கை அப்படியே விட்டுடுங்க. மேல் முன்பல்லுக்குப் பின்னாடி வரிவரியா இருக்குற மேடு, அங்க நுனி. மீதி நாக்கு அண்ணத்துல சும்மா ஒட்டியிருக்கணும். "மான்"னு சொல்லி நிறுத்துனா சரியா நிக்கும்.

வலக்கடைவாய் | பிப்ரவரி 7, இரவு 9:50

மாந், மாண், மான். பக்கத்தில் இருப்பவர் ஒரு மாதிரி பார்க்கிறார். ஆனால் மூன்றும் மூன்று இடம், சந்தேகமே இல்லை. "மான்" வைத்தால் கடைவாய்ப்பல் தானாக விலகுகிறது.

பல்நாற்காலி | பிப்ரவரி 8, காலை 7:12

விலகத்தான் வேண்டும். ஓய்வில் மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் 2 முதல் 4 மி.மீ. இடைவெளி இருக்கும். உதடு சேர்ந்து, பல் விலகி, நாக்கு மேலே. மெல்லும்போதும் விழுங்கும்போதும் பல் தொடும் கணங்களைக் கூட்டினால் நாளுக்கு அரைமணி தேறாது. திரை முன்னால் நான்கு மணி நேரம் பல்லை ஒட்டி வைத்திருப்பவருக்குக் கழுத்துக் கோணம் 45ஆ 52ஆ என்பது இரண்டாம் கேள்வி. என் கணிப்பில் தலைநிலை பல பேருக்குக் காரணமே இல்லை, உடன்பயணி. மூக்கை நீட்டித் திரையைப் பார்க்கும் அதே கவனக்குவிப்புதான் பல்லையும் கடிக்கச் செய்கிறது. கழுத்தை மட்டும் நிமிர்த்தினால் நிமிர்ந்தபடி கடிப்பார்கள்.

இயன்முறை_மேசை | பிப்ரவரி 8, காலை 8:30

பாதி ஒப்புக்கொள்கிறேன். எந்தக் கோணம் என்பதைவிட அதே கோணத்தில் எவ்வளவு நேரம் என்பதுதான் தசைக்கு உறைக்கிறது. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, எழுத்தைப் பெரிதாக்குவது, அரைமணிக்கொருமுறை எழுவது. எழுத்து சிறிதாக இருப்பவர் மூக்கை நீட்டத்தான் செய்வார், அவருக்கு மோவாய்ப் பயிற்சியைவிடக் கண்ணாடி பலன் தரும். இருகுவியக் கண்ணாடி போட்டவர் கீழ்ப்பகுதி வழியே திரையைப் படிக்க நாள் முழுக்க அண்ணாந்திருப்பார். மேல்க்கழுத்து மடிப்புக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி கிடையாது.

மறு யோசனை ஒன்று. மோவாயைப் பின்னால் இழுப்பதை நேற்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டேன். மூட்டில் "கிளிக்" சத்தம் உள்ளவர், அடிக்கடி தாடை மாட்டிக்கொள்பவர், கடைசி எல்லைவரை இழுத்தால் தாடை பின்னுக்குத் தள்ளப்பட்டு கிளிக் மோசமாகலாம். அவர்கள் ஐந்தாவதை விட்டு நான்காவதோடு நிற்கட்டும். குறட்டை அதிகமுள்ளவர், தூக்கத்தில் மூச்சு நிற்பவர் மோவாய் நெஞ்சில் ஒட்டும்படி உயரத் தலையணை வைக்கக் கூடாது. மூக்கடைப்பு இருப்பவரை "நிமிர்" என்று விரட்டுவதும் வீண்: மூக்கு அடைத்தால் காற்றுப்பாதைக்காகத் தலை தானாகப் பின்னால் சாயும். முதலில் மூக்கு.

ஏழாம்முள் | பிப்ரவரி 8, இரவு 7:58

அவசரமாப் போக வேண்டியவங்க பட்டியல் ஒண்ணு இழையில இருக்கட்டும். திடீர்னு வாய் இரண்டு விரல் அளவுக்கு மேல திறக்கலைன்னா. திறந்த வாய் மூடலைன்னா. காய்ச்சலோட கன்னமோ கழுத்தோ வீங்கினா. முகம் மரத்துப்போனா. நடந்தா, படியேறினா தாடை வலிச்சு, நின்னா குறைஞ்சா, அது இதயமா இருக்கலாம். 50 வயசுக்கு மேல, மெல்லும்போது தாடை வலி, நெத்திப்பொட்டு வலி, பார்வை மங்கல் சேர்ந்து வந்தா, ரத்தக்குழாய் அழற்சியா இருக்கலாம், பார்வையே போகும். அன்னிக்கே போங்க. இதுல எதுக்கும் "மான்" வேலைக்காகாது.

வலக்கடைவாய் | பிப்ரவரி 9, காலை 6:30

கடைசியாக ஒன்று. நிமிர்ந்து உட்கார்ந்து எடுத்த கடிதான் நம்பகம் என்று நாற்காலி டாக்டர் சொன்னார். ஆனால் நைட் கார்டு போடுவது படுத்துத் தூங்கும்போது. அதை எந்த நிலையில் இழைப்பது? இழையில் ஓட்டை விழுந்துவிட்டது.

பல்நாற்காலி | பிப்ரவரி 9, மதியம் 2:05

ஓட்டைதான். "சிவப்பை நம்புங்கள்" என்று எழுதியது பல்லில் செய்யும் வேலைக்கு. கார்டுக்கு வரிசை வேறு.

முதலில் படுத்த நிலை, ஆனால் நாற்காலித் தலைமெத்தை வேண்டாம். அவர் வழக்கமாக வைக்கும் உயரத்துக்குத் துண்டை மடித்துத் தலைக்கு வையுங்கள். பஞ்சுருளையைப் பற்களுக்கு நடுவே ஐந்து நிமிடம் வைத்துத் தசையின் பழைய கடி நினைவு கொஞ்சம் மங்கட்டும். பிறகு நீலம். இரு பக்கக் கடைவாயிலும் புள்ளிகள் ஒரே சீராக வரும்வரை இழையுங்கள். அடுத்து இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லித் தட்டச் சொல்லுங்கள், பிறகு வலப்பக்கம். ஒருக்களித்தால் தாடை கீழே இருக்கும் பக்கம் சரியும், அந்தப் பக்கத்துக் கடைசிப் பல்லில் ஒரு கனத்த புள்ளி விழும். அதை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரவு முழுக்க அந்தப் பல்தான் சுமக்கும். கடைசியாக உட்கார வைத்துச் சிவப்பு. இங்கே தேடுவது ஒன்றே ஒன்று: தாடை நிமிர்ந்த நிலைக்கு முன்னால் நகரும்போது புள்ளிகள் தடையில்லாமல் நீண்ட கோடாக வழுக்க வேண்டும். நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவே மேடு தட்டினால் அந்த மேட்டை மட்டும் எடுங்கள். கார்டின் தளம் பள்ளமில்லாமல் தட்டையாக இருந்தால் இந்த வேலை பத்து நிமிடம். பல்லின் அச்சு ஆழமாகப் பதிந்த கார்டு என்றால் தாடை குழிக்குள் மாட்டிக்கொள்ளும், தலை எங்கே போனாலும் பழைய இடத்திலேயே கடிக்கும்.

ஏழாம்முள் | பிப்ரவரி 9, மதியம் 2:20

குப்புறப் படுக்குறவங்களுக்கு?

பல்நாற்காலி | பிப்ரவரி 9, மதியம் 2:31

கழுத்து முழுதாக ஒரு பக்கம் திரும்பி, தாடை தலையணையில் நசுங்கி. அதற்கு எந்தத் தாளும் கிடையாது. பக்கத்தில் ஒரு நீளத் தலையணையைக் கட்டிப்பிடித்து ஒருக்களிக்கப் பழகச் சொல்லுங்கள், பிறகு கார்டை இழைக்கலாம்.